வரும் என்று சொல்லாத மதாம்

சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இந்நேரம் ரெண்டாவது ப்ளேன்ல ஏறியிருப்பா" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

"அப்பா, இங்க அந்த ப்ளேனே இல்லங்கறாங்க."

"எந்த ப்ளேன்?"

"நம்ம ப்ளேன்தான். அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். என்னை செவ்வாக்கெழம பாரிஸ் ப்ளேனுக்கு மாத்திப் போட்டிருக்காங்களாம். நீ ஒத்துக்கிட்டன்னு சொல்றாங்க. எதுக்குப்பா ஒத்துக்கிட்ட?"

நிவேதாவின் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். சென்னையிலிருந்து புறப்பட்டு நான்கு மணி நேரத்தில் இறங்கி, விமானம் மாற வேண்டிய ஒரு வெளிநாட்டு நகரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த நாட்டுக்கு அவளிடம் விசா கிடையாது, வெளியே விடமாட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிரான்சில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். படிப்பு முடித்து பதினோரு மாதம் தேடிக் கிடைத்த வேலை. அன்றைக்குச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். வேலை இருந்தால்தான் அந்த நாட்டில் இருக்க அனுமதியும்.

"போன்ல பதினாலு பர்சன்ட்தான் இருக்கு. சார்ஜரு பெட்டியில போயிடுச்சு. வெக்கிறேன்பா."

எனக்கு உடனே மதாமின் முகம் கண்முன் வந்தது. இரண்டு மாதமாக அவர் இருக்கும் தெரு வழியாகப் போவதையே நான் தவிர்த்து வந்தேன்.

அவருடைய பெயர் டிக்கெட் உறைகளின் மேல் அச்சாகியிருந்தது. ஆனாலும் புதுச்சேரியில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மதாம், அவ்வளவுதான். வேறு மதாம்களிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டுமானால் டிக்கெட் மதாம். முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகிய படி ஏறிப் போனால் அவருடைய அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அறுபது வயதிருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பூப்போட்ட கவுன், கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல். டிக்கெட்டை அச்செடுத்ததும் அந்த ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, உதட்டை அசைத்துப் படிப்பார். படித்து முடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. பேசினால் முதல் வரிக்குத் திரும்பப் போவார்.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கள் குடும்பம் பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். பிரான்சு என்பது அடுத்த வீட்டுக்காரர்களின் பென்ஷன் வரும் ஊர், அவ்வளவே. நிவேதாதான் முதலில் போனவள். பாரிசுக்குத் தெற்கே ரயிலில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் ஒரு நடுத்தர ஊரில் படிக்க இடம் கிடைத்தது. டிக்கெட் போட முதல் தடவை மாடி ஏறியபோது மதாம் கேட்டார்: "கொரெஸ்பொந்தான்ஸ் எவ்ளோ வேணும்? நாலு மணி நேரத்துக்குக் கொறஞ்சு நான் போடமாட்டேன்."

அலுவலகத்தில் கரெஸ்பாண்டன்ஸ் என்றால் கடிதப் போக்குவரத்து. நான்கு மணி நேரம் யாருக்குக் கடிதம் எழுதுவது என்று விழித்தேன். "அதெல்லாம் மெயில்ல பாத்துக்கலாம் மதாம்" என்றேன். அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்கு நடுவே உள்ள நேரத்துக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயராம்.

"ப்ளேன் பறக்கும்போது ஒண்ணும் ஆகாது சார். மாறுற எடத்துலதான் ஆளு தொலையும்" என்றார்.

இதை அவர் நம்பினார் என்று சொன்னால் போதாது. அவருடைய தொழிலே இதுதான். முதல் தடவை போகிறவர்களை அந்த அறையிலேயே பயணம் செய்யவைப்பார். பெஞ்சு மீனம்பாக்கம். ஸ்டூல், விமானம் மாறும் இடம். அதற்கு அவர் வைத்த பெயர் நடுவூர். கம்ப்யூட்டர் மேசை, போய்ச் சேரும் ஊர். மகள் பிரசவத்துக்குப் போகும் ஒரு விவசாயியையும் அவர் மனைவியையும் ஒருநாள் அப்படிப் பையும் கையுமாக நடக்கவைத்ததை நான் பார்த்தேன். மதாம்தான் அதிகாரி.

"எங்க போற?"

"பொண்ணு வூட்டுக்கு."

"பொண்ணு வூடுன்னு ஒரு ஏர்போர்ட்டு இல்ல. ஊரச் சொல்லு."

அந்த அம்மா கணவனைப் பார்த்தார். "அவரப் பாக்காத. அவரு கக்கூசுக்குப் போயிருக்காரு. நீ தனியா இருக்க. இப்ப சொல்லு." மூன்றாம் முறை அந்த அம்மா ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார். கணவர்தான் கடைசி வரை சொல்லவில்லை. "நீங்க அந்தம்மா பின்னாடியே போங்க முசியே, ஒண்ணும் பேசாதீங்க" என்று மதாம் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு காலத்தில் நிவேதாவின் ஊருக்கு ஒரே ஸ்டூல்தான். ஓர் ஆசியக் கம்பெனியின் பெரிய விமானம் நடுவூரிலிருந்து நேராக அந்த ஊருக்கே போய் இறங்கியதாம். நிவேதா போவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. பிறகு பாரிஸ் போய், அங்கே இன்னொன்று மாற வேண்டும்; இல்லையென்றால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில். மதாம் கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டாவது ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது அப்போதுதான். அந்த ஊரில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இங்கே ஒரு முப்பது குடும்பம் இருப்போம். மாடி ஏறியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த ஸ்டூல எப்ப எடுப்பீங்க மதாம்?"

"தெரியாது" என்பார்.

"வரும்னாவது சொல்லுங்களேன்" என்று நானே ஒருமுறை கேட்டேன். மகள் ஒருத்தியைத் தூரத்தில் வைத்திருப்பவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாதா என்ன. அவர் ஸ்கேலால் மேசையில் ஒரு கோடு இழுத்தார்.

"இதான் ப்ளேன். பின்னாடி சீட்டெல்லாம் நம்மளமாதிரி ஆளுங்க. பொங்கலுக்கு நெறையும், ஜூலையில நெறையும். பிப்ரவரியில யாரு போவா? சரி, முன்னாடி முப்பது பெரிய சீட்டு இருக்கு. அதுல யாரு உக்காருவா, நீங்களா நானா? அது நெறஞ்சாத்தான் அவனுக்குக் கட்டும். அப்புறம் ப்ளேனோட வயிறு. வயித்துல மருந்து, மிஷினுன்னு ஏதாவது போவணும். நம்ம ஊறுகா பாட்டில வெச்சு அவ்ளோ தூரம் ஓட்ட முடியுமா? மேல போற வழியில வேற சண்ட. சுத்திப் போறான், எண்ண கூட ஆவுது. அந்த ஊரு ஏர்போர்ட்டுக்காரன் வாடகையக் கொறச்சா வருவான். சலுகை முடிஞ்சா போயிடுவான். லாஸ்பேட்டைக்கு வர சின்ன ப்ளேனே வந்துது, நின்னுது, வந்துது. பாத்தீங்கல்ல?"

பார்த்திருக்கிறேன். என் வீடு லாஸ்பேட்டையில்தான். அந்தச் சின்ன விமானம் ஓடுகிற மாதங்களில் மனைவி அதன் சத்தத்தை வைத்துத்தான் அடுப்பில் உலை வைப்பாள்.

"நம்ம ஆசைக்கெல்லாம் ப்ளேன் ஓடாது சார்" என்று முடித்தார். எல்லாம் சரிதான். ஆனால் அன்று படி இறங்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அவருடைய இந்த எச்சரிக்கை எப்போதும் நல்லதையே செய்தது என்று சொல்லமாட்டேன். வில்லியனூரில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். மகன் பிரான்சிலிருந்து வரவேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் நடுவூரில் மாற ஐம்பத்தைந்து நிமிடம். இன்னொன்றில் ஏழு மணி நேரம். மதாம் ஏழு மணி நேரத்தைப் போட்டார். பையனின் சித்தப்பா எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். பையன் வந்தபோது அப்பா இல்லை.

காரியத்துக்கு மறுநாள் அவன் மாடி ஏறி வந்தான். நிவேதாவின் விடுமுறை டிக்கெட்டுக்காக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலையோடு வாசலிலேயே நின்றான்.

"அந்த அம்பத்தஞ்சு நிமிஷ ப்ளேன் அன்னிக்கு கரெக்டாதான் போயிருக்கு."

"தெரியும். நானும் பாத்தேன்."

"அப்ப நான் எங்கப்பா மூஞ்சியப் பாத்திருப்பேன்ல?"

"பாத்திருக்கலாம்ப்பா. பாக்காமயும் இருந்திருக்கலாம்."

அவன் ஸ்டூலை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதி உருண்டது. அவன் போனபின் மதாம் எழுந்து அதை எடுத்து நிறுத்தி, கைக்குட்டையால் துடைத்து, இடத்தில் வைத்தார். பிறகு என் டிக்கெட்டைப் படிக்க உட்கார்ந்தார். இரண்டாம் வரியில் ஸ்கேல் நின்றது. முதல் வரிக்குப் போனார். மறுபடி இரண்டாம் வரியில் நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் அவர் நான்கு தடவை முதல் வரிக்குத் திரும்பினார்.

அவர் தம்பி ஒருவர் சின்ன வயதில் இப்படி மாறுகிற இடத்தில் எங்கோ தொலைந்தார், அதனால்தான் இப்படி என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார். நான் கேட்டபோது மதாம், "அவனுக்குக் கத வேணும். எந்தம்பி ஒழுங்கா காரைக்கால்ல இருக்கான்" என்றார்.

இப்போது அந்த மாடியில் அழகு நிலையம் இருக்கிறது. மதாமும் காரைக்காலுக்கே போய்விட்டார். நேரடி விமானத்தைப் பற்றி மற்ற பெற்றோர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள், நான் ஏதோ அனுபவசாலி என்று. அறிவிப்பு வந்திருக்கிறது, விமானம் வரவில்லை என்கிறேன். முகம் வாடிப் போகிறார்கள். அவர் எத்தனை முகங்களைப் பார்த்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

நான் செய்த தவறு இதுதான். ஒருநாள் செய்தியில் வந்தது: அந்த ஊர் விமான நிலையத்துக்கு ஆசிய விமானங்கள் திரும்பி வரப்போகின்றன, பேச்சு முடிந்தது, முன்பதிவு தொடங்கிவிட்டது. நிவேதா அப்போது ஊருக்கு வரவிருந்தாள், வேலையும் கிடைத்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். திருமணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவனைப் போல ஓடினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மதாம் செய்தியை முழுக்கப் படித்தார். "வரப்போவுதுன்னு போட்டிருக்கு. வந்துதுன்னு போடலியே."

"டிக்கெட்டு விக்கிறாங்க மதாம்."

"விப்பாங்க. எத்தன பேரு வாங்குறாங்கன்னு பாக்கத்தான் விக்கிறாங்க. மொத மூணு மாசம் பறக்கட்டும். அப்புறமா நான் போடறேன்."

"அவ லீவு முடிஞ்சு போனதும் திங்கக்கெழமயே வேலையில சேரணும். ரெண்டு எடத்துல மாறி, இல்லன்னா ரயிலேறி, பெட்டியத் தூக்கிட்டு…"

"தூக்கட்டும் சார். எளம் புள்ளதானே."

வரும் பயணத்தை மட்டும் அவரிடம் போட்டேன். திரும்பிப் போகும் பயணத்தை வீட்டில் உட்கார்ந்து போனில் நானே போட்டேன். ஒரே ஸ்டூல். மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். மதாமிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. பயணத்தில் நேர மாற்றம், ஏற்கிறீர்களா என்று. அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கடிதம் வந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கீழே அனுப்பிப் பழகிய கை. பத்து நிமிடம் முன்பின் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். ஏற்கிறேன் என்பதை அமுக்கினேன். அந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. புறப்பட்ட அன்று, சென்னையில் ஒரு போர்டிங் பாஸ்தான் கொடுத்தார்கள், மற்றது அங்கே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்று நிவேதா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் சொன்னாள். சரி என்று கையசைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டோம்.

மதாம் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடை மூடுவார். அன்று நான் இரண்டு நாற்பதுக்குப் படியேறினேன். எச்சில் கையைச் சரியாகக் கழுவியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அவர் கையை நீட்டினார். அந்த மின்னஞ்சலைக் கேட்கிறார் என்று புரிந்தது. போன் திரையின் மேல் ஸ்கேலை வைத்துப் படித்தார். நான் கேட்கக் காத்திருந்த சொல் எதையும் அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"பெட்டி எதுவரைக்கும் போட்டிருக்கு?"

"தெரியல மதாம்."

"சரி. உக்காருங்க."

ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். கம்பெனியின் சென்னை அலுவலகம், பிறகு வேறெங்கோ, பிறகு மறுபடி சென்னை. பாதிக்கு மேல் வெறும் இசைதான் கேட்டது. நடுவில் ஒரு தடவை நிவேதாவை அழைத்து, தன் நம்பரைச் சொல்லி, எதிலாவது எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். "பேனா இல்லன்னா யார்ட்டயாவது வாங்கு. கையில எழுது. போன நம்பாத." கடைசியில் யாரோ ஒரு பெரிய அதிகாரி கிடைத்தார். பயணி ஒப்புக்கொண்டிருக்கிறார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். மதாம் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். பிறகு எனக்காகவோ தனக்காகவோ தமிழிலும் சொன்னார்: "பயணி ஒத்துக்கல. பயணியோட அப்பா படிக்காம அமுக்கினாரு."

ஐந்து மணிக்குச் சற்று முன் ஒரு சீட் கிடைத்தது. ஞாயிறு விடியுமுன் புறப்பட்டு பாரிஸ். அங்கிருந்து ரயில். நிவேதாவிடம் சொல்ல அழைத்தோம். மூன்று தடவையும் அணைக்கப்பட்டிருப்பதாகவே குரல் வந்தது.

"கவுண்டர்ல பேரு சொல்லிக் கூப்புடச் சொல்லியிருக்கேன்" என்றார் மதாம்.

"கூப்புட்டா கேட்டிருப்பா இல்ல? ஏறிடுவா இல்ல?"

அவர் ஸ்டூலைத் தள்ளிவைத்தார். "ஏறினாளான்னு தெரிஞ்சா சொல்றேன். வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டம்மா தனியா இருப்பாங்க."

என்னை நானே வெறுத்த அளவுக்கு அவரையும் அப்போது வெறுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் வந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மனைவி பூசையறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஞாயிறு காலை மதாமை அழைத்தேன். "கம்பெனிக்காரன் ஏறினதா இல்லையான்னு சொல்லமாட்டேங்கறான். பயணி விவரம் குடுக்கக்கூடாதாம்" என்றார். பன்னிரண்டு மணிக்கு அழைத்தேன். "ப்ளேன் எறங்கிடுச்சு. அவ்ளோதான் தெரியும்." அந்த விமானத்துக்குள் என் மகள் இருந்தாளா என்பது இந்த உலகத்தில் யாருக்கோ தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு மறுபடி அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை. நான்கு மணிக்கும் கிடைக்கவில்லை. அவரும் போனை எடுக்காத அளவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.  

ஐந்து மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மதாம் யார் வீட்டுக்கும் போய் நான் கேள்விப்பட்டதில்லை; என் விலாசம் டிக்கெட் காகிதத்தில் இருந்திருக்கும். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், அதன் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினார். நானும் மனைவியும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"வந்துட்டா" என்றார். "அவ ஊரு ரயிலடியில யார் போன்லயோ பேசினா. நம்ம லைனு கட்டாகிட்டே இருந்துது, அதான் நேர்ல வந்தேன்."

மனைவி அப்படியே கேட்டின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். மதாம் கண்ணாடியைக் கீழே இறக்கப்போனவர், சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருப்பதைப் போல மறுபடி மேலே தள்ளினார்.

"பெட்டி வரல."